‘சின்ன மாடுதானே’ என்று கேட்கிற விலை

திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கத்து வயல் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா, கால்நடை வைத்தியரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அவர் விட்டுப்போன பட்டியில் இப்போது 14 உருப்படி நிற்கிறது: பசு ஆறு, இன்னும் கன்று போடாத நாகு இரண்டு, இளம் ஆண் மாடான நாம்பன் நான்கு, இனத்துக்கு நிற்கும் பொலிகாளை ஒன்று, ஈற்று ஓய்ந்த கிழப்பசு ஒன்று. எல்லாமே நம் நாட்டு மாடு. இருப்பதிலேயே பெரிய பசுவுக்கு ஏரிக்கு, அதாவது திமிலுக்கு, பின்னால் 39 அங்குல உயரம்தான் என்று தையல் நாடாவால் அளந்தே எழுதியிருக்கிறார். நுண்கடன் இரண்டு இடத்தில், சேர்த்து மூன்று இலட்சத்துச் சொச்சம். கிழமைக்குக் கிழமை தவணைக்காரர் வாசலில் நிற்கிறார். ஆவணிக் கடைசியில் வந்த ஒரு தரகர், “எல்லாத்தையும் ஒண்டாத் தாங்கோ, தலைக்கு எழுபத்தைந்து, சின்ன மாடுதானே, இதுக்கு மேல போகாது” என்று கேட்டிருக்கிறார். மொத்தம் பத்தரை இலட்சம்.

கனடாவிலுள்ள தம்பி, “விற்காதே” என்கிறார். அமெரிக்க மாட்டு ஏலம் ஒன்றில் இதே மாதிரி ஏரி வைத்த சின்னப் பசு 2,000 டொலருக்குப் போன படத்தை அனுப்பி, டொலருக்கு 300 ரூபா போட்டு ஆறு இலட்சம் என்று கணக்குக் காட்டியிருக்கிறார். ஆந்திராவில் வீட்டுக்குள் குட்டிப் பசு வளர்க்கும் வீடியோக்களும் வந்திருக்கின்றன. ஆனால் தம்பி அனுப்பிய இன்னொரு ஏலப் பட்டியலில் சின்ன மாடுகளுக்கு நேரே 180 என்று இருந்ததாம். “180 டொலர் என்றால் 54 ஆயிரம்தானே டொக்டர், அப்படியென்றால் தரகர் கேட்டது நல்ல விலையா?” என்று கேட்கிறார். மகனோ எல்லாவற்றையும் விற்றுவிட்டு இரண்டு ஜேர்சிக் கலப்புப் பசு வாங்கலாம் என்கிறான். மாட்டு உரிமைச் சீட்டுகள் இன்னும் கணவர் பெயரில்தான் கிடக்கின்றன. கடைசியில் ஒரு வரி: “யார் சொல்லுறது சரி எண்டு எனக்கு விளங்கேல்ல.”

அக்கா, தம்பி சொல்லும் விலையும் உங்களுக்கு வராது, தரகர் சொல்லும் விலைக்கும் நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. பட்டி முழுவதையும் விற்கும் நிலையில் நீங்கள் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்த 180, அந்த 2,000

முதலில் 180. அது ஒரு மாட்டின் விலை இல்லை, நூறு இறாத்தல் உயிர்நிறைக்கான விலை. அங்கே வாராந்த ஏலங்களில் மாட்டை நிறுத்துத்தான் விற்பார்கள். பட்டியலில் எழுதுவது நூறு இறாத்தலுக்கு எத்தனை டொலர் என்பதை. நம் ஊர் அந்தர் 112 இறாத்தல், அவர்களுடையது சரியாக 100. ஆகவே 180 என்றால் இறாத்தலுக்கு ஒரு டொலர் எண்பது சதம். 600 இறாத்தல் மாடு ஒன்று அந்தக் கணக்கில் 1,080 டொலருக்குப் போகும். அந்த 54 ஆயிரத்தை இப்போதே மறந்துவிடுங்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு தரகரோடு கதைத்தால் நீங்களே இறங்கிப் போய்விடுவீர்கள்.

ஆனால் அந்தப் பட்டியலில் சின்ன மாடுகளின் வரிசை மற்ற வரிசைகளைவிடக் குறைவாக இருப்பது உண்மை. அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் வெருகலுக்கும் பொருந்தும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் வளர்ப்பு மாடுகளைப் பெரிய, நடுத்தர, சிறிய உடற்கட்டு என்று தரம் பிரிக்கிறது. கொழுத்து வெட்டுக்கு ஆகும்போது 1,100 இறாத்தலுக்குள் நிற்கும் என்று கணிக்கப்படும் நாம்பன் ‘சிறிய’ வகை. அது ஏறக்குறைய 500 கிலோ. நம் நாட்டு மாடு இரண்டைச் சேர்த்து நிறுத்தாலும் அவர்களுடைய சின்ன மாட்டுக்குச் சமமாகாது. இறைச்சித் தொழிற்சாலையில் பெரிய மாட்டுக்கும் சின்ன மாட்டுக்கும் ஆட்கூலி, நேரம், கொழுக்கி எல்லாம் ஒன்றுதான். ஒரு தலைக்கு ஆகும் செலவு குறையாமல் இறைச்சி மட்டும் குறைவதால் இறாத்தல் விலையை இறக்கிக் கேட்பார்கள். ஜேர்சி நாம்பனுக்கே இந்த அடி விழும். உங்கள் தரகருக்கும் லொறிக்கூலி, அறுப்புக்கூலி தலைக்குத்தான். அவர் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு குறைக்கலாம் என்பதில்தான் வழக்கு.

இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். அதே ஏலத்தில், கன்றாக இருப்பதால் சிறியதாக நிற்கும் மாட்டுக்கு இறாத்தல் விலை கூடும். வாங்குகிறவர் அதற்குத் தீனி போட்டு நிறையை ஏற்றி லாபம் பார்ப்பார். இனத்தாலேயே சிறியதாக நின்றுவிட்ட வளர்ந்த மாட்டில் அப்படி ஏற்ற ஒன்றுமில்லை. தம்பி அனுப்பும் பட்டியல்களில் இந்த இரண்டும் ‘சின்னது’ என்ற ஒரே பெயரில் வரும். அவருக்குக் குழப்பம் வந்ததில் வியப்பில்லை.

இனி அந்த 2,000 டொலர். அது வேறு ஏலம். இறைச்சிக்கு வாங்குகிறவர்கள் அங்கே வருவதில்லை. வீட்டு வளவில் ஆசைக்கு வளர்ப்பவர்களும் இனம் பெருக்குபவர்களும் வருவார்கள். அமெரிக்காவில் குட்டி ஏரி மாடுகளுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. மூன்று வயதில் ஏரிக்குப் பின்னால் 42 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. அந்த மாடுகளே தென்னாசியச் சிறு மாடுகளின் வழி வந்தவை. உங்கள் பசுவின் உயரம் 39 என்பதால் அளவில் அது தாராளமாகத் தேறும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த விலை உயரத்துக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. தாய் யார், தகப்பன் யார் என்ற பதிவேடு, நோய்ப் பரிசோதனை, கைக்குப் பழகிய குணம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நாட்டில் அது அரிது என்பது எல்லாம் சேர்ந்துதான் விலை. அங்கேயே சினைப்பசுவுக்குக் கிடைப்பதில் சிறு பங்குதான் அதே இனத்து நாம்பனுக்குக் கிடைக்கும்.

அந்தச் சந்தைக்கு உங்கள் மாடு போக வழியும் கிடையாது. இலங்கையில், மாட்டின் காலிலும் வாயிலும் புண் போடும் கால்வாய் நோய் இருக்கிறது. அந்த நோய் இல்லாத நாடுகளான கனடாவும் அமெரிக்காவும் நோயுள்ள நாட்டிலிருந்து உயிர்மாட்டை எடுப்பதில்லை. எந்த முகவருக்குக் காசு கொடுத்தாலும் இது நடக்காது. அப்படி அனுப்பித் தருகிறேன் என்று முகநூலில் யாராவது முற்பணம் கேட்டால், தயவுசெய்து ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

ஆந்திர வீடியோவும் இதே மாதிரித்தான். புங்கனூர் மாடு சித்தூர்ப் பக்கத்து இனம். 2024 பொங்கலை ஒட்டி இந்தியப் பிரதமர் தன் வீட்டில் அந்தப் பசுக்களுக்குத் தீனி கொடுக்கும் படம் வந்தபின் அதன் பேர் எங்கும் பரவியது. கேரளத்து வெச்சூர்ப் பசு அழியும் தறுவாயில் இருந்தது. 1989இல் கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி எடுத்து அதை மீட்டார்கள். அந்த மாடுகளுக்குப் பின்னால் பெயர், பதிவு, பல வருட உழைப்பு இருக்கிறது. நம் நாட்டு மாட்டுக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை. செய்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. வெயிலையும் உண்ணியையும் காய்ந்த புல்லையும் தாங்கி வருடாவருடம் கன்று போடும் மாட்டை நாமே ‘ஒன்றுக்கும் உதவாத சின்ன மாடு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் உங்கள் கடன் தவணை அதற்காகக் காத்திராது. இன்றைக்குக் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

தையல் நாடாவே உங்கள் தராசு

பட்டியடியில் நடக்கும் பேரத்தில் தரகர் கண்ணால் நிறை பார்க்கிறார், நீங்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள். அங்கேதான் காசு போகிறது. நீங்கள் உயரத்தை அளந்துவிட்டீர்கள். ஆனால் விலைக்கு வேண்டியது உயரமில்லை, நெஞ்சுச் சுற்றளவு.

மாட்டைச் சமதரையில், நாலு காலும் நேராக ஊன்றி, தலை தாழாமல் நிறுத்துங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஏரிக்குப் பின்புறமாக நாடாவைச் சுற்றி, தோலோடு படியும்படி பிடித்து அளவை எடுங்கள். சதையை அழுத்தக்கூடாது. அப்புறம் தோள் முனையிலிருந்து பின்புறத்து இடுப்பெலும்பு முனைவரை நீளம். இரண்டும் சென்ரிமீற்றரில் இருக்கட்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். 150 சென்ரிமீற்றர் தையல் நாடா நம் மாட்டுக்குப் போதும்.

உதாரணத்துக்கு, சுற்றளவு 125, நீளம் 105 உள்ள நாம்பன் ஒன்றை எடுங்கள். 125ஐ 125ஆல் பெருக்க 15,625. அதை 105ஆல் பெருக்கி 10,840ஆல் வகுத்தால் 151 கிலோ. இது மதிப்பீடுதான், பத்துக் கிலோ அங்கே இங்கே போகலாம். ஆனாலும் “நூறு கிலோகூட வராது” என்று தரகர் சொல்லும்போது வாய்மூடி நிற்கத் தேவையிருக்காது. விடியற்காலையில், மேயப் போகுமுன் அளந்தால் வயிறு நிரம்பிய நிறை கணக்கில் ஏறாது.

உயிர்நிறையில் இறைச்சியாக எலும்போடு நிற்பது நம் மாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நான் 45 சதவீதம் என்று வைக்கிறேன். 151 கிலோ நாம்பனில் 68 கிலோ. உங்கள் பக்கத்து இறைச்சிக்கடையில் எலும்போடு கிலோ 2,200 ரூபா என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கடையில் அது 1,49,600 ரூபாவாக விற்கப்படும். தோலும் குடலும் ஈரலும் இதற்கு வெளியே. லொறி, அறுப்பு, கடைக்காரர் பங்கு, தரகர் பங்கு, ஒன்று செத்துப்போனால் வரும் நட்டம் எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தாலும் உங்களுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் வரவேண்டும். அவர் கேட்டது 75 ஆயிரம். மூன்றில் ஒரு பங்கு என்பது சட்டமில்லை, பட்டியடியில் நின்று பார்த்த என் மதிப்பீடு. கடை விலை மாறினால் கணக்கும் மாறும். பேரம் பேசும் நாளில் கடை விலையை ஒருமுறை விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

‘தலைக்கு இவ்வளவு’ என்ற பேச்சையே ஏற்கவேண்டாம். அந்தப் பேச்சில் உங்கள் நாகும் சினைப்பசுவும் கிழப்பசுவின் விலைக்குப் போகின்றன. நல்ல மாட்டைக் காட்டி மெலிந்ததை விற்பதாக உங்களுக்குத் தோன்றலாம். உண்மையில் மெலிந்ததைக் காட்டி நல்லதை வாங்குகிறார்கள்.

ஒரே மாடு, வேறு வேறு கைகள்

வெட்டு விலை என்பது தரை. அதற்கு மேலே யார் எவ்வளவு கொடுப்பார் என்பது மாடு யாருக்குத் தேவைப்படுகிறது, எப்போது தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

உங்கள் நாம்பன்களுக்கு நல்ல கை ஹஜ்ஜுப் பெருநாள்க் காலத்தில் வரும். மூதூர், கிண்ணியா, தோப்பூர்ப் பக்கத்தில் உழ்ஹிய்யா என்ற பெருநாள் அறுப்புக்கு மாடு தேடுகிறவர்கள் இரண்டு வயது நிறைந்த, நொண்டாத, கண் பழுதில்லாத, நோயில்லாத, எலும்பு தெரியாத மாட்டையே எடுப்பார்கள். மாடு பெரிதோ சிறிதோ, ஒன்றில் ஏழு பேர் வரை பங்கு சேரலாம். ஆகவே அந்தக் கிழமைகளில் கிலோக் கணக்கைவிடப் பழுதில்லாத உருப்படி என்பதுதான் விலையைப் பிடிக்கும். நிறையக் காசு போட முடியாத குடும்பங்கள் சின்ன மாட்டையே விரும்பித் தேடுவதும் உண்டு. வயதை வாயைத் திறந்துதான் பார்ப்பார்கள்: கீழ்த்தாடையின் நடுவில் பால்பல் விழுந்து இரண்டு அகன்ற பல் எழும்பியிருந்தால் இரண்டு வயது தாண்டியது என்று எடுப்பார்கள். நீங்களும் இப்போதே உங்கள் நாலு நாம்பனுக்கும் வாயைத் திறந்து பார்த்துவையுங்கள். 2025இல் பெருநாள் ஜூன் 7இல் வந்தது. வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். 2026இல் மே மாதக் கடைசியில். பெருநாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தரகர்கள் பட்டி பட்டியாகப் போய்ப் பேசி முடித்துவிடுவார்கள். நீங்கள் அதற்கு முன்னரே, முடிந்தால் பள்ளிவாசல் பக்கத்துப் பங்குக்காரர்களிடமே நேரே கதைத்து வையுங்கள்.

இப்போது ஏன் விற்கக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். ஆவணி, புரட்டாதி என்றால் நம் பக்கம் புல் காய்ந்து குளத்தில் நீர் வற்றும் காலம். மாட்டில் நிறை குறைந்துதான் நிற்கும். அதோடு ஐப்பசியில் மழை பிடித்து வயல் விதைக்கத் தொடங்கினால் பட்டியை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தவேண்டும். மேய்ச்சல் தரை இல்லாதவர்கள் அப்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இது தரகருக்கு நன்றாகத் தெரியும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்து தாளடியில் மேய்ந்த மாட்டை வைகாசியில் விற்றால் அதே நாம்பனில் நிறையும் கூடும், கேட்பவரும் கூடுவர்.

அதுவரை நிறை விழாமல் பிடிக்கத்தான் பாடு. யூரியா ஊட்டிய வைக்கோல் ஒரு வழி. நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைப்பது. அளவு தப்பினால் அது நஞ்சு, யூரியாக் கரைசலை மாடு குடித்தால் செத்துவிடும். ஆகவே வாசித்துவிட்டுச் செய்யாமல், உங்கள் கால்நடை வைத்திய அதிகாரி பணிமனையில் ஒருமுறை நேரே பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். குடற்புழு மருந்தும் கொடுக்கவேண்டும். கொடுத்தபின் போத்தலில் எழுதியிருக்கும் நாள் கழியாமல் எந்த மாட்டையும் வெட்டுக்கு விற்கவேண்டாம். அந்த இறைச்சியைச் சாப்பிடப் போவதும் நம் ஊர்ச் சனம்தான்.

பசுக்களும் நாகுகளும் வேறு கணக்கு. அவற்றை வாங்கவேண்டியவர் இன்னொரு பட்டிக்காரர். அவர் இறைச்சியைப் பார்க்கமாட்டார். எத்தனை ஈற்று, எத்தனை மாதத்துக்கு ஒரு கன்று, கன்றுக்கு விட்டது போக எவ்வளவு பால், மடி நாலு காம்பும் வேலை செய்கிறதா என்று கேட்பார். இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் அதுவே நீங்கள் கேட்கும் விலைக்குச் சாட்சி. சினையா என்று எங்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டரை மூன்று மாதச் சினையைக் கையால் பார்த்தே சொல்லிவிடலாம். வயிற்றில் கன்று இருக்கிற பசுவை வெட்டுக்கு விற்பது இரண்டு மாட்டை ஒன்றின் விலைக்கும் குறைவாகக் கொடுப்பது. அப்படிப்பட்ட மாட்டுக்கு வெட்டுக்கென்று சான்று கேட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பிரதேச சபை பிடித்த கட்டாக்காலி மாடுகள் ஏலத்தில் குறைவாகப் போனதாகவும் கேள்விப்பட்டு எழுதியிருந்தீர்கள். அந்த விலையை உங்கள் மாட்டோடு ஒப்பிட வேண்டாம். அங்கே வருகிறவர்கள் சிலர்தான், மாட்டின் வரலாறும் ஒருவருக்கும் தெரியாது.

சீட்டு மாறாமல் மாடு நகரக்கூடாது

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது விலை இல்லை, சீட்டுத்தான். “சீட்டு அவர் பேரிலயே கிடக்கட்டும், நான் பார்த்துக்கொள்ளுறன்” என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சம்மதிக்கவேண்டாம். மாட்டின் உரிமைச் சீட்டு, குறி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகும் அனுமதி எல்லாம் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்துக்குக் கீழே வருகின்றன. இறந்தவர் பெயரிலுள்ள சீட்டோடு லொறி சோதனையில் பிடிபட்டால் பொலிஸ் உங்களைத் தேடி வரும். மாடும் நீதிமன்றத்தில் நிற்கும், காசும் நிற்கும்.

கணவரின் இறப்புச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போய் முதலில் பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு இருப்பதால் அவர்களுடைய சம்மதத்தையும் எழுத்தில் கேட்கலாம். மகனையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. காது இலக்கம் இல்லாத மாடுகளுக்கு எங்கள் பணிமனையில் போட்டுக்கொள்ளலாம். கால்வாய் நோய்த் தடுப்பூசி ஏற்றிய திகதியையும் அப்போதே பதியச் சொல்லுங்கள். நோய் பரவும் காலத்தில் மாடு நகர்த்தத் தடை வந்தால், தடுப்பூசிக் கணக்கு உள்ள பட்டிக்கு அலைச்சல் குறையும்.

விற்கும் நாளில் முழுக்காசும் கைக்கு வந்தபின்தான் சீட்டு கைமாறவேண்டும். கொஞ்சம் இப்போது, மிச்சம் பெருநாள் கழித்து என்ற பேச்சில் எத்தனையோ பட்டிகள் இழந்திருக்கின்றன. எந்த மாடு, என்ன குறி, எந்த இலக்கம், எவ்வளவு, யாருக்கு என்று ஒரு கடுதாசியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மகனின் ஜேர்சி யோசனை

பிள்ளை பால் வருமானத்தை யோசிப்பது நல்லது, அதை அடக்கவேண்டாம். ஆனால் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 170 கிலோ நாட்டுப் பசு நாளொன்றுக்கு நாலைந்து கிலோ உலர்தீனியில் நிற்கும், பெரும்பாலும் அதுவாகவே மேய்ந்து எடுத்துக்கொள்ளும். 400 கிலோ ஜேர்சிக் கலப்புக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் நீங்கள் வெட்டிப் போட்டால்தான். பச்சைப் புல்லாகவே நாளுக்கு நாற்பது ஐம்பது கிலோ என்று வையுங்கள், பாலுக்கேற்ற புண்ணாக்கும் தவிடும் தனி. வெயிலுக்கு உயரமான கொட்டில், எந்நேரமும் தண்ணீர், உண்ணிக் காய்ச்சலுக்குக் கண்காணிப்பு. இவை இருந்தால் இரண்டு பசு ஒரு குடும்பத்தைத் தாங்கும். இவை இல்லாமல் வாங்கிய கலப்புப் பசு எலும்பாக நிற்பதை நான் இந்த மாவட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கிணறு ஆடியில் வற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே நான் இப்போது வேண்டாம் என்கிறேன். அதற்குப் பதிலாக, ஆறு பசுவில் உடம்பு பெரிதாகவும் பால் கூடவும் உள்ள இரண்டைத் தெரிந்து, செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கு எங்களைக் கூப்பிடுங்கள். வரண்ட பகுதிக்குச் சாஹிவால் நன்றாகப் பொருந்தும். ஜேர்சியும் போடலாம், அதன் கன்று சிறிதாகப் பிறப்பதால் நம் பசுவுக்கு ஈனுவதில் கஷ்டம் குறைவு. பிரீசியன் மட்டும் இந்தச் சிறிய பசுவுக்கு வேண்டாம். கன்று பெருத்துத் தாயும் கன்றும் போன கொட்டில்களுக்கு நடுச்சாமத்தில் போயிருக்கிறேன். நாகுகளையும் இப்போதைக்கு விடுங்கள், அவை இன்னும் வளரவேண்டும். மற்றப் பசுக்களுக்கு உங்கள் பொலிகாளையே இருக்கட்டும். பிறக்கும் கலப்பு நாகு இந்த வெயிலிலேயே பிறந்து வளர்வதால், வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்குவதைவிடத் தாக்குப்பிடிக்கும். மகன் அதற்குள் புல் நட்டுப் பழகட்டும். கோ-3 புல்லுக் கட்டை எங்கள் பக்கம் கேட்டால் கிடைக்கும்.

கடனுக்கு என்ன செய்வது

விற்கவேண்டியது நாலு நாம்பனும் கிழப்பசுவும். பொலிகாளையும் ஆறு பசுவும் இரண்டு நாகும் நிற்கட்டும். நாம்பன் நாலும் தலா ஒரு இலட்சத்தை ஒட்டிப் போனால் உங்கள் மூன்று இலட்சத்துச் சொச்சம் தீர்ந்து, கையிலும் கொஞ்சம் மிஞ்சும். கிழப்பசுவை மட்டும், அதன் சீட்டு உங்கள் பெயருக்கு மாறியவுடன், இந்த மழைக்கு முன்பே விற்றுவிடலாம். தேய்ந்த பல்லோடு அது மாரியைத் தாண்டுவது கஷ்டம், ஒவ்வொரு மாதமும் அதில் நிறைதான் குறையும். கணவர் ஆசையாக வளர்த்தது, வெட்டுக்குக் கொடுக்க மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு வளவில் கட்டி வைத்துப் பாருங்கள். அது உங்கள் விருப்பம், அதில் ஒருவரும் தலையிட முடியாது. நாலு நாம்பனே கடனுக்குக் காணும்.

மிச்சம் இருப்பது இன்றிலிருந்து வைகாசி வரையுள்ள தவணைகள். இதற்குத்தான் கனடாத் தம்பியைக் கேட்கச் சொல்கிறேன். மாடு விற்காதே என்று அங்கிருந்து சொல்வது எளிது, கிழமைத் தவணைக்கு வாசலில் நிற்பவரிடம் பதில் சொல்வது நீங்கள். இரண்டு கடனில் வட்டி கூடிய கடன் எது என்று பார்த்து, அதை மட்டும் இப்போதே கட்டி முடிக்கும் அளவுக்கு அவரிடம் கைமாற்றுக் கேளுங்கள். நாலு நாம்பனின் அளவுகளையும் இந்தக் கணக்கையும் எழுதிப் படமெடுத்து அனுப்பி, பெருநாளுக்கு விற்றவுடன் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். அவர் இவ்வளவு படமும் பட்டியலும் தேடி அனுப்பியிருப்பதைப் பார்த்தால், கேட்டால் செய்வார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரால் முடியாவிட்டால் நாலில் ஒரு நாம்பனை, பெரியதை, இப்போதே கடை விலைக் கணக்குப் போட்டுத் தனியாக விற்று அந்தக் கடனை முடியுங்கள். அதற்கு முன் அந்த ஒரு மாட்டின் சீட்டையாவது உங்கள் பெயருக்கு மாற்றியிருக்கவேண்டும். ஆகவே இந்தக் கிழமையே பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.